மரத்தில் கட்டிய கயிறு ஏன் மேலே போகவில்லை?

போன வருடம் மே மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, என் அண்ணன் மகன் கொல்லையில் நிற்கும் வேப்பமரத்தில் ஒரு நீல நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனான். மரத்தோடு ஒட்டி நின்று, தங்கையை விட்டுத் தலைக்கு நேராகக் கரிக்கோடு போடச் சொல்லி, அந்தக் கோட்டின் மேல் கட்டிய கயிறு. ஒரு வருடத்தில் யார் அதிகம் வளர்கிறார்கள் என்று அவனுக்கும் மரத்துக்கும் போட்டி.

இந்த மே மாதம் சென்னையிலிருந்து வந்து இறங்கியதும், தோளில் மாட்டிய பையோடே கொல்லைக்கு ஓடினான். கயிறு அதே இடத்தில் இருந்தது. அவன் நான்கு விரல் உயர்ந்திருந்தான். கயிறு இப்போது அவன் நெற்றிக்கு நேராக நின்றது.

"அத்தை, இந்த மரம் வளரவே இல்ல!"

நான் அண்ணாந்து பார்த்தேன். போன வருடம் ஓட்டு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்த கிளை, இப்போது ஓட்டுக்கு மேலே போய் நிழல் போட்டுக்கொண்டிருந்தது. மரம் வளர்ந்திருக்கிறது, கயிறு மட்டும் உயரவில்லை. இரண்டும் உண்மை. அது எப்படி என்று அவன் கேட்டதில் ஆரம்பித்ததுதான் அந்த விடுமுறை முழுக்க நாங்கள் செய்த வேலை.

அவன் பள்ளிப் புத்தகத்தில் செடி, கொடி, மரம், புல் என்று படம் போட்டிருக்கிறது. சின்னதாக இருந்தால் செடி, உயரமாக இருந்தால் மரம், படர்ந்தால் கொடி. தென்னை மரம், வாழை மரம், வேப்ப மரம் மூன்றும் ஒரே கட்டத்துக்குள். பெயர் சொல்லப் பழக இது போதும், தப்பில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குச் செடிகொடிகள் மேல் நிஜமான ஆர்வம் வர வேண்டுமென்றால் உயரத்தைக் காட்டிப் பிரிப்பது உதவாது என்பது என் எண்ணம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கையில் கொடுத்தேன்: "இது எங்கிருந்து வளருது?" எந்தச் செடியைப் பார்த்தாலும் அதையே கேட்க வேண்டும். அவன் ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. இரண்டு பேருக்கும் அது பிடித்துப்போனது.

முதலில் கயிறு. பிள்ளைகள் வளரும்போது கை, கால், முதுகு எல்லாம் சேர்ந்தே நீளும். மரம் அப்படி இல்லை. அதற்கு வளர்வதற்கென்றே தனி இடங்கள் உண்டு. உயர்வதெல்லாம் கிளை நுனிகளில், நீள்வதெல்லாம் வேர் நுனிகளில். நுனியில் புதிதாகச் சேர்ந்துகொண்டே போகும், ஏற்கெனவே நீண்டு முடிந்த இடம் அப்படியே நிற்கும். மரத்தில் ஆணி அடித்தாலும், பெயர் செதுக்கினாலும், நூறு வருடம் ஆனாலும் அது அதே உயரத்தில்தான் இருக்கும்.

"அப்ப கீழ இருக்கிற மரம் சும்மாவா நிக்குது?" என்றான். நல்ல கேள்வி. கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்க்க முடியவில்லை. முடிச்சு இறுகி, கயிறு பட்டைக்குள் புதைந்திருந்தது. அரிவாள் நுனியால் நானே அறுத்து எடுத்தேன். மரத்தைச் சுற்றி ஒரு பள்ளம், அரைஞாண் கயிறு அழுந்திய தடம் மாதிரி. மரம் மேலே மட்டும் போகவில்லை, பக்கவாட்டிலும் பருத்திருக்கிறது என்று அவன் விரலே அவனுக்குச் சொன்னது.

பட்டைக்குக் கீழே ஈரமாக ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. மரம் பருப்பது அங்கேதான். அது உள்பக்கம் கட்டையைச் சேர்க்கும், வெளிப்பக்கம் பட்டையைச் சேர்க்கும். வேர் உறிஞ்சிய தண்ணீர் கட்டை வழியாக மேலே ஏறுகிறது; இலை சமைத்த சாப்பாடு பட்டையின் உட்பக்கம் வழியாகக் கீழே இறங்குகிறது. கயிற்றை இன்னும் சில வருடம் அப்படியே விட்டிருந்தால் கீழே போகும் சாப்பாடு நின்று வேர் பட்டினி கிடந்திருக்கும். சாலையோர மரங்களில் விளம்பரத் தட்டிகளைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிவது இதனால்தான். ஆணியைக் கூட மரம் மூடி விழுங்கிக்கொள்ளும், சுற்றி இறுக்கிய கம்பி மெதுவாகக் கொன்றுவிடும்.

இலை சமைத்த சாப்பாடு என்றதும் சின்னவள், "மரம் மண்ணைத்தானே சாப்பிடும்?" என்றாள். பெரியவர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கு பெல்ஜியம் என்று சொல்லும் பகுதியில் வான் ஹெல்மாண்ட் என்று ஒருவர் வாழ்ந்தார். சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணை நிறுத்து ஒரு தொட்டியில் போட்டு, இரண்டே கால் கிலோ எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 77 கிலோவுக்கு வளர்ந்துவிட்டது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தார். மண்ணின் எடையில் குறைந்திருந்தது 60 கிராம் கூட இல்லை. 1648-இல் இது அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. மீதி காற்றிலிருந்து வருகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. இலை காற்றில் இருக்கும் கரியமில வாயுவையும், வேர் அனுப்பும் தண்ணீரையும், வெயிலையும் சேர்த்துச் சர்க்கரை செய்கிறது. கட்டை, பட்டை, பழம் எல்லாம் அந்தச் சர்க்கரையிலிருந்து வந்தவை.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? எங்கள் வீட்டில் வெந்நீர் அடுப்பு இன்னும் விறகில்தான் எரிகிறது. ஒரு கட்டை விறகு முழுக்க எரிந்ததும் மிஞ்சியதைச் சின்னவள் கையில் கொட்டினேன். ஒரு பிடி சாம்பல். "இதுதான் மண்ணு குடுத்தது. மத்ததெல்லாம் காத்தும் தண்ணியும், அப்படியே புகையாப் போயிடுச்சு." அன்று சாயங்காலம் வரை அந்தச் சாம்பலை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்துக்கொண்டு அலைந்தாள்.

அடுத்து தென்னை. எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். இங்கே பிள்ளைகளுக்கு எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் தென்னைக்கு வந்துதான் ஆக வேண்டும். கேள்வி அதேதான்: எங்கிருந்து வளர்கிறது?

தென்னைக்கு வளரும் இடம் ஒன்றே ஒன்று. உச்சியில், மட்டைகளுக்கெல்லாம் நடுவில் இருக்கும் குருத்து. வேம்பில் ஒரு நுனியை ஒடித்தால் பக்கத்தில் நான்கு நுனி கிளம்பும். தென்னைக்கு மாற்று நுனி கிடையாது. குருத்துப் போனால் மரம் போயிற்று. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்தால், பிறகு விரியும் மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி முக்கோண வெட்டு தெரியும். தோப்பில் நடக்கும்போது அப்பா எப்போதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். சின்ன வயதில் எனக்குக் காரணம் தெரியாது. அவர் அந்த வெட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

தென்னைக்குப் பட்டைக்கு அடியில் அந்த ஈர அடுக்கு இல்லை. அதனால் அது வேம்பைப் போல வருடா வருடம் சுற்றிப் பருக்காது. முதல் சில வருடம் உயராமல் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு தன் அடியைப் பருக்க வைத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் மேலே கிளம்பும். உடம்பில் வளையம் வளையமாகத் தெரிவது மட்டை விழுந்த தழும்பு. நன்றாக இருக்கும் மரம் மாதத்துக்கு ஒரு மட்டை விடும். அப்படியென்றால் ஒரு வருடத்துக்குப் பன்னிரண்டு தழும்பு. பெரியவன் ஒரு மரத்தில் எட்டுகிற வரை எண்ணினான். எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இல்லை என்று அவனே கண்டுபிடித்தான். தண்ணீர் நன்றாகக் கிடைத்த வருடங்களில் தழும்புகள் தள்ளித் தள்ளி இருக்கும், வறட்சி கண்ட வருடங்களில் நெருங்கி நிற்கும். ஒரு தென்னையின் உடம்பு அந்தத் தோப்பின் மழைக் கணக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் என்னால் போக முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் ஊர்களின் மேல் போனது. விடிந்து பார்த்தபோது எங்கள் தோப்பில் நின்றவற்றை எண்ணிவிட முடிந்தது, விழுந்தவற்றை எண்ண முடியவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று எங்கே போனாலும் அதே காட்சி. அன்று விழுந்த தென்னைகளின் அடியைப் பார்த்தபோதுதான் எனக்கு சல்லிவேர் என்றால் என்ன என்று நிஜமாகப் புரிந்தது. ஆணிவேர் இல்லை. சுண்டுவிரல் பருமனில் நூற்றுக்கணக்கான வேர்கள், எல்லாம் ஒரே பருமன், அறுந்த கயிறுகள் போல மண்ணோடு பெயர்ந்து வந்திருந்தன. வரப்போரத்துப் பனைகள் பெரும்பாலும் நின்றன. கொல்லை வேம்பு அதற்கு மறுவருடம் அந்த வெற்றிடத்தில் வைத்ததுதான். கயிறு கட்டிய பையன் அப்போது சின்னக் குழந்தை.

சரி, தென்னை ஒரு மரமே அல்ல என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவார்களா? தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதியில் தாவரங்களை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். வைரம், அதாவது கட்டையின் கெட்டியான பகுதி, வெளியே இருந்தால் அது புல், உள்ளே இருந்தால் அது மரம். காழ் என்பது வைரம். புறக்காழ், அகக்காழ். இந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்; வேம்பும் தேக்கும் மரம். உயரத்தைப் பார்க்கவே இல்லை! உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். இன்றைய தாவரவியலும் இந்த மூன்றையும் ஒருவித்திலைத் தாவரங்கள் (விதைக்குள் ஒரே ஒரு இலை உள்ளவை) என்று சேர்த்துத்தான் வைத்திருக்கிறது, மூங்கில் புல் குடும்பமேதான்.

பிள்ளைகளுக்குக் காட்ட எங்கள் வீட்டிலேயே சாட்சி இருந்தது. பழைய ஓட்டுக்கூரையைத் தாங்குவது பனஞ்சட்டம். பனையை அறுக்கும்போது வெளிப்பக்கத்துக் கறுத்த, இரும்பு மாதிரியான பகுதியை மட்டும் சட்டத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதி எதற்கும் ஆகாது. வேம்பில் நேர் எதிர். நடுவில் சிவந்திருக்கும் வைரம்தான் கதவு நிலைக்கு. சுற்றி இருக்கும் வெளுத்த கட்டையைப் பூச்சி அரித்துவிடும்.

அதே மரபியல் புல்லுக்கு ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை என்றும், மரத்துக்கு இலை, தளிர், அரும்பு என்றும் தனித்தனிச் சொற்களைச் சொல்கிறது. நாமும் இன்றுவரை பனையோலை என்கிறோம், கரும்புத் தோகை என்கிறோம், தாழை மடல் என்கிறோம். யாரும் பனை இலை என்று சொல்வதில்லை. "அப்ப வாழை இலை?" என்று சின்னவள் மடக்கினாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊர்வழக்கு என்று சொன்னேன், அவளுக்குத் திருப்தி இல்லை.

வாழைக்கு வருவோம். இருபது நாளில் எங்களுக்கு மிகவும் சந்தோஷம் கொடுத்தது வாழைதான். குலை தள்ளப்போகும் தாய் மரத்தைச் சுற்றிப் பக்கக்கன்றுகள் வந்திருந்தன. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். கழிக்கப்போகிற ஒரு கன்றை முழங்கால் உயரத்தில் நேராக வெட்டி, அப்படியே விட்டு, வெட்டிய வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். காலை எட்டு மணி. வெட்டின இடம் தட்டையாக, வளையத்துக்குள் வளையமாக இருந்தது. பத்து மணிக்கு நடு வளையம் கொஞ்சம் மேலே துருத்திக்கொண்டிருந்தது. மத்தியானம் இரண்டு விரல். மறுநாள் காலை அவனுடைய நான்கு விரல் சேர்ந்த அளவு. கண்ணெதிரே ஒரு செடி வளர்வதைப் பார்ப்பது இதைவிடச் சுலபமாக வேறெதிலும் முடியாது.

ஏன் நடு வளையம் மட்டும்? வாழையில் நாம் மரம் என்று சொல்லும் தடித்த பகுதி தண்டே அல்ல. ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்ட இலை மட்டைகள். ஒரு துண்டை வெட்டிக்கொடுத்து உரிக்கச் சொன்னேன். பட்டை பட்டையாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. நிஜமான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அங்கிருந்துதான் ஒவ்வொரு புது இலையும் பழைய மட்டைகளுக்கு நடுவில் சுருட்டிய பாயைப் போல நுழைந்து மேலே வருகிறது. வெளி மட்டைகள் வளர்ந்து முடித்தவை, அதனால் வெட்டிய இடத்தில் நின்றுவிட்டன. நடுவில் இருப்பது இளசு, அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது.

"அப்ப பொரியல் பண்ற வாழைத்தண்டு எங்க?" இளவாழைக்குள் அது இருக்கவே இருக்காது. பூ விடும் வயது வந்ததும் கிழங்கின் வளரும் நுனி இலை போடுவதை நிறுத்திவிட்டுப் பூவாக மாறுகிறது. அந்தப் பூவைத் தூக்கிக்கொண்டு, மட்டைகளின் நடுவே அடிமுதல் உச்சிவரை ஒரு வெள்ளைத் தண்டு எழுகிறது. உச்சிக்கு வெளியே வந்ததும் தலை குனிகிறது. அதுதான் குலை. ஒரு வாழை ஒரு முறைதான் ஈனும். அந்த நுனி பூவுக்கே செலவாகிவிட்டது, இனி இலை விட இடமில்லை. குலை வெட்டியதும் அந்த மட்டைகள் சாயும், பக்கக்கன்று மேலே வரும். வாழையடி வாழை என்று வாழ்த்துவது கிழங்கின் கதை.

புல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆடு மேய்ந்த அருகு பத்து நாளில் மறுபடி தழைத்துவிடும். அதே ஆடு கடித்த வேப்பங்கன்று திணறும். புல்லின் இலை வளரும் இடம் அடியில், மண்ணை ஒட்டி, ஆட்டின் வாய் எட்டாத இடத்தில் இருக்கிறது. நுனியைக் கடித்தால் அது கவலைப்படாது. நெல்லும் இப்படித்தான். ஒரு நாற்று அடியிலிருந்தே தூர் கட்டி ஒரு பிடியாகும். மூங்கில் மண்ணிலிருந்து வரும்போதே தன் முழுப் பருமனோடு முளைக்கிறது, பிறகு ஒவ்வொரு கணுவிடையும் நீள நீள அது எழும்புகிறது. சில வகைகள் ஒரே நாளில் ஒரு முழத்துக்கும் மேல் போகும். வாய்க்கால் கரை மூங்கில் குத்தில் அந்த நேரம் முளை இல்லை, மழைக்குப் பிறகுதான் வரும். பார்க்க முடியாமல் போனது.

விதை எங்கிருந்து வளர்கிறது? இதற்கு ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். உள்ளே ஈரக் காகிதத்தைச் சுருட்டி வைத்து, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே மொச்சை விதைகளைச் செருக வேண்டும். ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக, ஒன்று படுக்கை. எப்படி வைத்தாலும் முதலில் வருவது வேர், அது கீழே திரும்பும். நான்காம் நாள் தம்ளரைப் படுக்கப் போட்டால் வேர் மறுபடி வளைந்து கீழே பார்க்கும். சின்னவள் அதைத் தினம் ஒரு பக்கம் திருப்பி வைத்து, ஒரு மொச்சையின் வேரை ஏணிப்படி மாதிரி ஆக்கிவிட்டாள். மேலே வந்தபோது விதையே இரண்டாகப் பிளந்து இரண்டு தடித்த இலைகளாக நின்றது. வித்திலை என்பது இதுதான். செடி சொந்தமாக இலை விட்டுச் சமைக்கும்வரை அதில் இருக்கும் சோற்றைத்தான் தின்னும். பிறகு அவை சுருங்கி உதிரும்.

தென்னைக்கு அந்த வித்திலை ஒன்றுதான், அது வெளியே வருவதே இல்லை. தேங்காயின் மூன்று கண்ணில் மெத்தென்று இருக்கும் ஒன்றின் கீழ்தான் முளை. முளை வெளியே போகும்போது வித்திலை உள்ளே பஞ்சுருண்டையாக உப்பி, தண்ணீரையும் பருப்பையும் உறிஞ்சி முளைக்கு அனுப்புகிறது. சென்னையில் தள்ளுவண்டியில் விற்கிறார்களே தேங்காய்ப்பூ, அதுதான் இது. "நான் மூணு சாப்பிட்டிருக்கேன்" என்றாள் சின்னவள், கொஞ்சம் குற்ற உணர்வோடு. பனை இன்னும் விசித்திரம். பனங்கொட்டை முளை விட்டதும் மேலே வராமல் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அங்கே கிழங்காகத் திரள்கிறது. நாம் பொங்கலுக்கு அவித்துத் தின்னும் பனங்கிழங்கு, ஒரு பனைமரத்தின் முதல் சில மாதம்.

வெயில் இல்லாமல் விதை முளைக்குமா என்று பெரியவன் கேட்டான். முளைக்கும். ஈரம், காற்று, கொஞ்சம் சூடு இருந்தால் போதும். எங்கள் பக்கம் மாரியம்மன் கோயில் முளைப்பாரியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நவதானியத்தை ஊறவைத்து, மண்ணும் காய்ந்த சாணமும் நிரப்பிய ஓட்டில் தூவி, இருட்டறையில் வைத்து வளர்ப்பார்கள். எட்டு ஒன்பது நாளில் ஒரு முழத்துக்கு, வெளிர்மஞ்சளாக, துவளத் துவள நிற்கும். நான் சிறுமியாக இருந்தபோது அந்த மஞ்சள் அம்மனின் நிறம் என்று நம்பினேன், இப்போதும் அது அழகான நம்பிக்கைதான். இருட்டில் பச்சையம் உண்டாவதில்லை, அதனால் மஞ்சள். வெளிச்சம் எங்கேயோ மேலே இருக்கிறது என்று கொட்டையில் உள்ள சோற்றையெல்லாம் செலவழித்து நீண்டுகொண்டே போகிறது, அதனால் அந்த உயரம். வெயிலில் முளைத்த அதே பயறு குட்டையாக, தடிப்பாக, பச்சையாக இருக்கும். நாங்கள் ஒரு கிண்ணத்தை மரப்பெட்டிக்குள்ளும் ஒன்றைத் திண்ணையிலும் வைத்துப் பார்த்தோம். ஒரு வாரம் கழித்துப் பெட்டிக் கிண்ணத்தை வெளியே வைத்தபோது, மறுநாளே அது பச்சை கட்டத் தொடங்கியது.

கொடிகளில் பாகல்தான் விளையாட்டுக்கு நல்லது. அதன் பற்றுக்கம்பியை ஒரு ஈர்க்கால் மெதுவாகத் தடவிவிட்டுக் காத்திருந்தால் அது தொட்ட பக்கம் வளைவதைப் பார்க்கலாம். பிடித்துக்கொண்டதும் ஸ்பிரிங் மாதிரிச் சுருளும். உற்றுப் பார்த்தால் பாதி ஒரு பக்கமும் மீதி எதிர்ப்பக்கமும் சுருண்டிருக்கும். நடுவில் திரும்புகிற இடம் ஒன்று இருக்கும். இரண்டு முனையும் கட்டப்பட்ட கம்பியை முறுக்கினால் அப்படித்தான் ஆகும். அவரைக்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டே கம்பைச் சுற்றி ஏறும். கொடிக்காலில் வெற்றிலை கணுவுக்குக் கணு வேர் விட்டு அகத்தியைப் பிடித்துக்கொள்கிறது. செங்காந்தள் இலை நுனியாலேயே பிடிக்கிறது. எல்லாமே தடித்த தண்டு செய்யும் செலவை மிச்சம் பிடித்து, இன்னொருவர் தோளில் ஏறி வெயிலுக்குப் போகிற வித்தை.

சமையலறையிலும் கேள்வி தொடர்ந்தது. உருளைக்கிழங்கின் கண்களில் முளை வந்தது, ஏனென்றால் அது மண்ணுக்குள் இருக்கும் தண்டு. இஞ்சியும் மஞ்சளும் அப்படியே. சர்க்கரைவள்ளி வேர். மரவள்ளிக் கிழங்கும் வேர்தான், அதில் மொட்டே இல்லாததால் புதைத்தாலும் முளைக்காது. அதன் குச்சியை வெட்டித்தான் நடுகிறார்கள். முருங்கையும் போத்து ஊன்றினால் வந்துவிடும். கிளுவை வேலி முழுக்கப் போத்துதான். தென்னை மட்டையை ஊன்றினால் ஏன் வராது என்பதை இப்போது பெரியவனே தங்கைக்குச் சொன்னான்: "குருத்து அதுல இல்லல்ல!"

பிள்ளைகள் சென்னைக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் கூட்டிப் போனேன். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக ஆயிரக்கணக்கில் குச்சிகள் மேல்நோக்கி நின்றன. வேர். கீழே போக வேண்டிய வேர் இங்கே மேலே வந்திருக்கிறது. உப்புச் சேற்றுக்குள் காற்று இல்லை, வேரும் மூச்சு விட வேண்டும், அதனால். தம்ளருக்குள் ஏணிப்படி செய்த சின்னவள் அதை நெடுநேரம் பார்த்தாள். "இதுக்கு யாரும் கீழ போன்னு சொல்லலியா?" என்றாள். படகுக்காரர் சிரித்தார். அவர் எங்களுக்காக எஞ்சினை நிறுத்திவிட்டு, அலை இறங்க இறங்க இன்னும் எத்தனை குச்சி வெளியே தெரிகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் ஒரு பனையின் கழுத்தில் ஆலங்கன்று ஒன்று தளதளவென்று நின்றது. பறவை எச்சத்தில் விழுந்த விதை. அது அங்கிருந்து வேரைத் தரைக்கு இறக்கும், பிறகு மெல்லப் பனையைச் சுற்றி மூடும். சென்னையில் அடையாறு ஆலமரத்தைப் போய்ப் பாருங்கள் என்று சொன்னேன். அதன் தாய்த்தண்டு 1989-இல் புயலில் சாய்ந்துவிட்டது, மரம் இன்னும் இருக்கிறது, விழுதுகளின் மேல். எங்கிருந்து வளர்கிறது என்ற கேள்விக்கு அங்கே நூற்றுக்கணக்கான பதில்.

கிளம்புகிற அன்று காலை பெரியவன் மறுபடி வேம்படிக்குப் போனான். இந்த முறை கயிறு கொண்டுபோகவில்லை. பூக்கட்டும் நாரில் ஒரு துண்டு எடுத்து, தாழ்ந்திருந்த ஒரு கிளையின் கடைசி நுனியில், சிவந்த கொழுந்துக்குச் சரியாகக் கீழே, இறுக்காமல் தொளதொளவென்று கட்டினான். மாதம் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

போன வாரம் பார்த்தேன். நாருக்கு அப்பால் ஒரு சாண் புதுக்குச்சி, அதில் ஏழு இலைகள். படம் எடுத்து அண்ணன் போனுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அவனே கூப்பிட்டான். இலையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அத்தை, நாரு அதே இடத்துலதானே இருக்கு? அளந்தீங்களா?"